ஆஸ்பத்திரியை எதிர்க்கவா, சாக்கடையை எதிர்க்கவா?

கேளுங்கள் சிஸ்டர்: வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஊரிலிருந்து. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே கடலோரத்தில் இருக்கும் ஊர். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருப்பதால் போடவில்லை. அங்கே 30 படுக்கையோடு நடக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பக்கத்துத் தென்னந்தோப்பை வாங்கி 120 படுக்கையாகப் பெரிதாக்கப் போகிறதாம். டயாலிசிஸ், விபத்துச் சிகிச்சை, மனநலம் எல்லாம் வருமாம். ஊரில் பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். இந்தக் கரையோரத்திலேயே அரசு நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சிஸ்டர், ‘விரிவாக்கம் வேண்டவே வேண்டாம்’ என்று கலெக்டருக்கு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். என் வீடு ஆஸ்பத்திரியிலிருந்து நாலாவது வீடு. போடலாமா?
*- குடும்பத் தலைவி, வடக்குத் தெரு*

அந்த மனுவில் போடாதீர்கள் அம்மா. வேறு மனு எழுதி, அதில் முதல் கையெழுத்தாகப் போடுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ராமேஸ்வரம் தீவிலிருந்து கஷ்டமான பிரசவக் கேஸ் ஒன்று இந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் ரயிலை விட்டால் வழியில்லை. ரயில் போய்விட்டால் அடுத்த ரயில் வரைக்கும் அந்தப் பெண் வலியோடு கிடக்க வேண்டும். 1988 அக்டோபரில் பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்தார்கள். 2008 செப்டம்பரில் 108 வண்டி வந்தது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ஒவ்வொன்று வந்தபோதும் இந்தக் கரையில் பிழைத்தவர்கள் உண்டு. அப்படியும், தலையில் அடிபட்டவரை வண்டியில் ஏற்றி மதுரைக்கு அனுப்புவது இன்னும் நிற்கவில்லை. ராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 115 கிலோமீட்டர். அந்த ரோட்டில், பரமக்குடி தாண்டும் முன்பே கை குளிர்ந்துபோன நோயாளிகளோடு நான் உட்கார்ந்து போயிருக்கிறேன். அதனால், கரையில் ஒரு ஆஸ்பத்திரி பெரிதாவதை ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் உங்கள் பயம் வீண் பயம் என்றும் சொல்ல மாட்டேன். இப்போது இருக்கிற 30 படுக்கைக்கே கழிவுநீர் ஊரணிக் கரை வழியாக ஓடுகிறது என்று மூன்று கடிதங்களில் இருக்கிறது. அது உண்மையானால், 120 படுக்கைக்கு என்ன ஆகும் என்று கேட்பது உங்கள் உரிமை. ‘வேண்டாம்’ என்று மொட்டையாக எழுதிய மனுவுக்கு ஆபீசில் ஒரு ரசீது கிடைக்கும், அவ்வளவுதான். ‘தண்ணீர் எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள், கழிவுநீரை எங்கே விடப் போகிறீர்கள், வண்டிகளை எங்கே நிறுத்தப் போகிறீர்கள், எழுத்தில் கொடுங்கள்’ என்ற மனுவுக்கு யாராவது ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும்.

தோப்பில் நான்கு போர் (ஆழ்துளைக் கிணறு) போடப் போவதாகக் கேள்வி. எங்கள் கிணறு இந்த ஊரிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. 120 படுக்கைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும்?
*- விவசாயி, ஊரணிக்கரை*

நீங்கள்தான் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். நூறு படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரிக்குப் படுக்கை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 450 லிட்டர் என்று கட்டட விதித் தொகுப்பில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நூறு வரை என்றால் 340 லிட்டர். அப்படிப் பார்த்தால் 120 படுக்கைக்கு 54,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நாலரை லாரி, தினமும்.

டயாலிசிஸைத் தனியாகப் பாருங்கள். ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரம் மெஷின் ஓடினால் சுமார் 120 லிட்டர் சுத்தமான நீர் அதன் வழியாகப் போகும். அந்த நீரை ஆர்.ஓ. பிளான்டில் எடுக்கும்போது உப்பு கூடிய நீர் ஒரு பங்கு வெளியே வரும். நம் ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே உவர்ப்பு என்பதால் அந்தப் பங்கு அதிகமாகவே இருக்கும். அது எங்கே போகிறது என்று கட்டாயம் கேளுங்கள். தோட்டத்தில் விட்டால் தோட்டம் போய்விடும், ஊரணியில் விட்டால் ஊரணி போய்விடும்.

போர் விஷயம் இதையெல்லாம் விடப் பெரியது. கடலோர மணலில் மழைத் தண்ணீர் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. உங்கள் கிணற்றில் நீங்கள் குடிப்பது அந்த மிதக்கிற தண்ணீரைத்தான். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். போர் போட்டு உறிஞ்சி மேலே ஒரு அடி இறங்கினால், கீழே இருந்து உப்பு 40 அடி ஏறிவரும். ஏறிய உப்பு அடுத்த மழைக்கே இறங்கிவிடாது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரித்துப்போன பிறகு, பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோண்டு குடம் நிரப்பிய ஊர்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு வந்த பருவங்கள் அவை.

அதனால் போர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தனி இணைப்புக்கு எழுதிக் கேட்கட்டும், கூரை முழுவதும் மழைநீரைப் பிடிக்கட்டும், வெளியிலிருந்து லாரியில் வாங்கட்டும், சுத்திகரித்த நீரையே கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திரும்ப விடட்டும். தோப்பில் ஆழ்துளைக் கிணறு கூடாது என்பதை மனுவின் முதல் வரியாக எழுதுங்கள்.

நாங்கள் பாசி எடுக்கிற பெண்கள். கழிவுத் தண்ணியைக் குழாய் போட்டுக் கடலில் விடப் போவதாகச் சொல்கிறார்கள். நாள் முழுக்க இடுப்பளவு, கழுத்தளவு தண்ணியில் கிடக்கிறோம். எங்களுக்கு என்ன ஆகும்?
*- மீனவக் குடும்பப் பெண்கள் சிலர் சேர்ந்து*

அப்படிக் குழாய் போட விடாதீர்கள். சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடுவதற்குக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே தடை இருக்கிறது. கடல் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை அந்த அறிவிக்கைக்குள் வரும். தோப்பு அந்த 500 மீட்டருக்குள் இருக்கிறதா என்று முதலில் வரைபடத்தில் பாருங்கள். இருந்தால் கட்டடத்துக்கே தனி அனுமதி வேண்டும். நமக்கு எதிரே அப்பா தீவு, தலையாரித் தீவு எல்லாம் 1986ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. 21 தீவுகள், பவளப்பாறை, கடல்புல் எல்லாம் சேர்ந்த இடம். உங்களைப் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்கிறவர்கள், கரையிலிருந்து வரும் கழிவையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். இதைக் கூட்டத்தில் நீங்களே எழுந்து சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரித் தண்ணீர் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் மாதிரி இல்லை. ரத்தம் கழுவிய நீர், லேப் மருந்து, துணி வெளுக்கிற இடத்துச் சோப்பு, தரையில் கொட்டுகிற பிளீச்சிங் எல்லாம் அதில் சேரும். கிருமி செத்தால் போதும் என்று பிளீச்சிங்கை அள்ளிக் கொட்டினால் மீன் குஞ்சும் சாகும். அதனால்தான் 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளில் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். சுத்திகரித்து வெளியே வரும் நீரில் வேறு தண்ணீர் எதுவும் கலக்காமல் மீன்களை விட வேண்டும். 96 மணி நேரம் கழித்து நூற்றுக்கு 90 மீன் உயிரோடு இருக்க வேண்டும். மீனைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தச் சோதனை அறிக்கையை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ஊருக்குக் காட்டுவீர்கள் என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். ‘செப்டிக் டேங்க் இருக்கிறது, லாரி வந்து எடுத்துப் போகும்’ என்று பதில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 120 படுக்கைக்கு சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் முடியாது. கட்டடத்துக்கு முன்பே அது எழ வேண்டும்.

ஊசி, குழாய், பஞ்சு, நஞ்சுக்கொடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து, பார்கோடு ஒட்டி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்து வண்டியில் அனுப்ப வேண்டும். சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கடற்கரையில் ஊசி கிடந்தால் கையால் எடுக்காதீர்கள். படம் எடுத்து, தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனநல வார்டும் வருமாம். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற தெரு. அதை மட்டுமாவது நிறுத்த முடியாதா?
*- பெயர் வெளியிட விரும்பாத தகப்பனார்*

நிறுத்தக் கூடாது ஐயா. இந்தப் பக்கத்துக்காரரான நீங்கள் இப்படிக் கேட்டிருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், நம்முடைய ஏர்வாடியில், கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம். காலில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்போது நான் மாவட்டத்தில் வேறொரு ஊரில் பணியில் இருந்தேன். செய்தி கேட்டு வார்டில் யாருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்களைக் கட்டி வைத்தவர்கள் மேல் வழக்கு நடந்தது, உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்தது, காப்பகங்களை மூடினார்கள். ஆனால் அவர்கள் அந்தக் கொட்டகைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்? அவரவர் ஊரில், அவரவர் தெருவில், பக்கத்து ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு ஒரு கட்டில் இல்லை. எங்கள் தெருவில் வேண்டாம் என்று ஒவ்வொரு தெருவும் சொன்னது.

மனநோய் தீர வேண்டும் என்று ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்களை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. மருந்தும் துஆ என்கிற பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கலாம் என்று அங்கேயே திட்டம் வந்து, டாக்டர் உட்கார்ந்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வலை பின்னுகிறவர், கடையில் கணக்கு எழுதுகிறவர், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர் எல்லாம் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. மற்ற நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்கிறது. பொது ஆஸ்பத்திரிக்குள், பிரசவ வார்டுக்குப் பக்கத்தில் ஒரு மனநல வார்டு இருப்பதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மனுவில் இந்த வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு தண்ணீருக்காகப் போராடுகிறவர்களுடைய பேச்சும் எடுபடாது.

ஆஸ்பத்திரி பெரிதானால் முளைப்பாரிக்கும் சந்தனக்கூட்டுக்கும் ரேடியோ செட் போட முடியாது என்கிறார்களே?
*- விழாக் கமிட்டி உறுப்பினர்*

ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் ஆக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல் என்பது விதி. ஆனால் 2017ல் செய்த திருத்தத்தின்படி, அரசு அறிவித்தால்தான் அது அமைதி மண்டலம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது ஆஸ்பத்திரி இல்லாத தெருவுக்கும் உள்ள விதிதான். ஊர்வலம் அந்தத் தெருவைக் கடக்கும்போது கொட்டு மேளத்தை நிறுத்திக்கொண்டு நடந்து போகிற ஊர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. பேசிக்கொள்ளலாம்.

அவர்களுடைய சத்தத்தையும் கேளுங்கள். ஜெனரேட்டருக்கு மூடிய பெட்டி வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. 250 கேவிஏ ஜெனரேட்டர் என்றால் அதன் புகைக்குழாய் கட்டடத்துக்கு மேலே மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். உங்கள் வீட்டு மாடிப் பக்கம் திருப்பி வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

பிணவறையிலிருந்து நாற்றமும் நோயும் வருமா?
*- இரண்டு கடிதங்கள்*

ஒழுங்காக நடக்கிற குளிர்சாதனப் பிணவறையிலிருந்து வராது. மின்சாரம் போனாலும் குளிர் நிற்காமல் இருக்க மாற்று ஏற்பாடு உண்டா என்று மட்டும் கேளுங்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் விரட்டினார்கள். இறந்தவரிடமிருந்து காற்றில் நோய் வரும் என்ற பயத்தில் நடந்தது அது. அந்தப் பயத்தை நம் ஊரில் வளர்க்க வேண்டாம்.

என் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வெளியூர் போய் வருவதிலேயே பாதி உயிர் போகிறது. இங்கேயே வந்தால் போதும் என்று இருக்கிறேன். எதிர்ப்பவர்களில் என் சொந்தச் சித்தப்பாவும் இருக்கிறார். என்ன சொல்வது?
*- மகள், தெற்குத் தெரு*

சித்தப்பாவை ஒரு நாள் அம்மாவோடு வண்டியில் அனுப்பு மகளே. விடியும் முன் கிளம்பி, மெஷினில் படுத்து, எழுந்ததும் தலை சுற்றி, வண்டியிலேயே வாந்தி எடுத்து இருட்டில் வீடு வருவதை அவர் கூட இருந்து பார்க்கட்டும். டயாலிசிஸ் நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கு வர வேண்டும். உங்கள் ஊரில் நாலைந்து குடும்பமாவது இருக்கும். எதிர்ப்பவர்கள் சத்தமாகப் பேசுகிறார்கள், தேவைப்படுகிறவர்கள் வேனில் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால் ஊர் முழுக்க எதிர்ப்பதுபோலத் தெரிகிறது.

நீயும் ஒரு நிபந்தனை கேட்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த ஆஸ்பத்திரி சேருமா? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள திட்டம். அந்த அட்டையை வாங்கிக்கொள்ளாவிட்டால், தெருவில் ஆஸ்பத்திரி இருந்தும் உன் அம்மா பழையபடி வெளியூர்தான் போக வேண்டியிருக்கும்.

ரோடு பன்னிரண்டு அடிதான் இருக்கிறது. மீன் வண்டி, பள்ளி வேன், இனி ஆம்புலன்ஸ் வேறு. தெரு தாங்குமா?
*- மளிகைக் கடைக்காரர்*

தாங்காது. அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 முதல் இருக்கிறது. ஆனால் ஒதுங்க இடமே இல்லாதவர் எங்கே ஒதுங்குவார்? தோப்பின் பின்பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வண்டிப்பாதை போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆம்புலன்ஸ் வாசல் அந்தப் பக்கம் வர வேண்டும்.

வண்டியைவிட நான் கவலைப்படுவது கூட வருகிறவர்களைப் பற்றி. எந்தத் திட்ட வரைபடத்திலும் அவர்கள் இருக்க மாட்டார்கள். நம் ஜனங்களில் ஒரு நோயாளியோடு இரண்டு மூன்று பேர் வருவார்கள். 120 படுக்கை என்றால் முந்நூறு பேர். அவர்கள் எங்கே படுப்பார்கள், எங்கே குளிப்பார்கள், எங்கே ஒதுங்குவார்கள்? உங்கள் கடைத் திண்ணையிலும் பள்ளிவாசல் வராந்தாவிலும் ஊரணிப் படித்துறையிலும்தான். ராத்திரி இரண்டு மணிக்குச் சேலையைப் போர்த்திக்கொண்டு இருட்டில் கடற்கரைப் பக்கம் போன தாய்மார்களை வார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கூட இருப்பவர்களுக்குக் கூரை போட்ட இடமும், ஆண், பெண்ணுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் குளியலறையும், பெட்டி வைக்க ஒரு அறையும் கட்டாமல் ஒரு படுக்கைகூட கூட்டக் கூடாது. என்னைக் கேட்டால் வாகன நிறுத்தத்துக்கு முன்னால் இதை எழுதுவேன்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தாமல் எப்படி அனுமதி கொடுக்கலாம்? கோர்ட்டுக்குப் போகலாமா? மறியல் செய்யலாமா?
*- இளைஞர் மன்றம்*

தம்பிகளே, கட்டடப் பரப்பு 70,000 சதுர அடி என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றுச்சூழல் முன் அனுமதி 20,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2,15,000 சதுர அடியிலிருந்துதான் தேவை. அந்த அளவு வந்தாலும் கட்டடங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. அதனால் அதைப் பிடித்துக்கொண்டு நாட்களை வீணாக்காதீர்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் அவர்களால் கட்டவும் முடியாது, நடத்தவும் முடியாது. உங்கள் ஆட்சேபணை போக வேண்டிய முதல் இடம் அதுதான். 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு கொடுப்பவர் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். அவருக்கு ஒன்று. கட்டட வரைபட அனுமதிக்கு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, இசைவு விண்ணப்பத்தின் நகலும் வரைபடமும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. அடுத்து எந்தத் தேதி வருகிறதோ அதற்கு முன்பே, போர் கூடாது, சுத்திகரிப்பு நிலையம் முதலில், பின்வாசல் பாதை, கூட இருப்பவர்களுக்கு இடம், காப்பீட்டு அட்டை என்று தீர்மானத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் மட்டுமே கட்டடத்தை நிறுத்திவிடாது. ஆனால் நாளைக்குச் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், ஊர் முதலிலேயே இதைச் சொன்னது என்று காட்ட அதுதான் காகிதம். தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதக் கெடு உண்டு. அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள்தான். அதற்குள் வக்கீலைப் பாருங்கள்.

மறியல் வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடினால் உள்ளே வர வேண்டியவர் வர முடியாது. கை ஓங்கினாலோ கண்ணாடி உடைந்தாலோ 2008ஆம் ஆண்டின் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தில் மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறை, ஜாமீனும் சுலபமில்லை. வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிற பிள்ளைகள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

மனுவை எழுதி முடித்ததும் ஆசிரியர் முகவரிக்கு ஒரு நகல் அனுப்புங்கள். படித்துத் திருத்தி, அடுத்த வாரத் தபாலிலேயே திருப்பி அனுப்புகிறேன்.